ஒரே ஒரு முறை வந்த சிவப்பு

மே மாதத்திலும் ஸ்வெட்டர் கழற்றாத மலையூர்க் கல்லூரி அது. அங்கே துரைப்பாண்டியனைக் ‘கந்தகச் சாமி’ என்பார்கள். அவர் படியேறும் முன்பே வாடை ஏறிவிடும். வயது நாற்பத்தொன்பது. கீழே ஒரு பாலிடெக்னிக்கில் வேலை, இங்கே பகுதிநேர ஆய்வு மாணவர். அவருடைய வழிகாட்டி பேராசிரியர் ஹபீபா, அவரைவிடப் பதினொரு வயது இளையவர்.

கந்தகமும் நைட்ரஜனும் கலந்த ஓர் உப்பைக் கண்ணாடிக் குழாயில் மெல்லச் சூடாக்கிச் சிதைக்க வேண்டும். எழும் ஆவி குழாயின் குளிர்ந்த முனைக்குப் போய்ப் படியும். சிதைந்த துண்டுகள் அங்கே கைகோத்து, இதுவரை யாரும் செய்யாத ஒரு வளையமாக உட்கார வேண்டும். எட்டு வருடத்தில் நாற்பத்திரண்டு முறை செய்தார். நாற்பத்தொரு முறை பழுப்புக் கசடு. ஒரே ஒரு முறை, போன ஜனவரியில், அரிசி மணியளவுக்குச் சிவப்புப் படிகம்.

ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் பத்து நாள்தான். தவறினால் எட்டு வருடமும் ரத்து.

அன்று மலையேறும் பஸ்ஸிலேயே அவருக்குக் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. நேராக ஐஸ் பெட்டியைத் திறந்து, படிகம் இருந்த குப்பியை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குள் நுழைந்தார்.

“கையெழுத்துப் போடுங்க, மேடம்.”

“இன்னொரு தடவை வரட்டும் சார், போடறேன்.”

“வரலையே! மந்திரமா போடறது? இதோ, கண்ணு முன்னால இருக்குல்ல!”

“அதை ஐஸ்ல வெச்சுட்டுப் பேசுங்க.”

“பேச்சை மாத்தாதீங்க. என் பொண்ணே காலேஜ் முடிச்சிட்டா. நான் இன்னும் மாணவன். ஸ்டாஃப் ரூம்ல மூக்கைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறானுங்க.”

“சார், ஐஸ்…”

“உங்களுக்கென்ன! முப்பது வயசுக்குள்ள டாக்டர் ஆயிட்டீங்க!” குப்பி இல்லாத கையால் மேசையில் ஓங்கிக் குத்தினார். பேனா உருண்டு விழுந்தது.

பேராசிரியர் அதை எடுக்கவில்லை. குப்பியைப் பொத்தியிருந்த துரைப்பாண்டியனின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூச்சு வாங்கும்வரை பேசினார் துரைப்பாண்டியன். பிறகுதான் கையை விரித்தார்.

குப்பிக்குள் பழுப்புக் கசடு.

“பார்த்துக்கிட்டே இருந்தீங்களே!” குப்பியை மேசைமேல் போட்டார். “இருந்தது இது ஒண்ணுதான்…”

“ரெண்டு தடவை சொன்னேன், சார்.”

அவர் திரும்பி வெளியேறப் போனார். பேராசிரியர் எழுந்து, அலமாரியிலிருந்து ஒரு காலிக் குழாயை எடுத்து நீட்டினார்.

“குளிர்லேருந்து எடுத்ததும் என்ன செய்வீங்க? செஞ்சு காட்டுங்க.”

“இப்ப இது வேறயா?” பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினார். “வெளியில பனி மூடியிருக்கும். உள்ள ஒண்ணும் தெரியாது. துடைக்கணும்.”

உள்ளங்கையால் முனையை இறுகப் பற்றி அழுத்தித் துடைத்தார். பற்றிய கையை எடுக்காமலே ஜன்னலோரம் நடந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

அங்கேயே நின்றுவிட்டார். குழாயைப் பார்த்தார். மேசைமேல் கிடந்த குப்பியைப் பார்த்தார்.

“ஜனவரியிலயும் இப்படித்தானே துடைச்சேன்?” கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. “அப்ப மட்டும் எப்படி வந்துச்சு?”

பேராசிரியர் அவர் உள்ளங்கையில் இருந்த சூட்டுத் தழும்பைக் காட்டினார்.

“அன்னைக்கு உங்க கையில இவ்வளவு தடிமனாக் கட்டுப் போட்டிருந்தீங்க, சார்.”