கறிக்கடை வரிசையில தவசிலிங்கம் அளந்தது

ஞாயித்துக்கிழமை காலையில சிக்கந்தர் பாய் கறிக்கடை வரிசையில போய் நின்னீங்கன்னா, அந்த வாரம் உலகத்துல நடந்த அத்தனையும் காதுல விழுந்துரும். அன்னைக்கும் அப்படித்தான். ஒருத்தர் வெயிலைத் திட்டுறாரு, ஒருத்தர் தோண்டிப் போட்ட ரோட்டைத் திட்டுறாரு, கொத்தனார் வெயிலுமுத்து செல்போனைத் திட்டுறாரு. நான் யாரையும் திட்டல. என் கண்ணு பூராவும் கொக்கியில தொங்குன கடைசி ஆட்டு மேலதான். மக பிரசவத்துக்கு வந்திருக்கா. உடம்புல ரத்தமே இல்லைன்னு டாக்டரம்மா சத்தம் போட்டுட்டாங்க. ஆட்டுச் சுவரொட்டி, அதான் மண்ணீரல், வாங்கி மிளகு போட்டு வதக்கிக் குடுத்தா ரத்தம் ஊறும்னு என் வீட்டுக்காரி ஒத்தக்கால்ல நிக்கிறா. ஒரு ஆட்டுக்கு ஒரு சுவரொட்டிதானே? எடுத்து வைங்கன்னு சொன்னாலும் பாய் வைக்க மாட்டாரு. வரிசையில யாரு முதல்ல கேக்குறாங்களோ அவங்களுக்குத்தான். எனக்கு முன்னாடி நின்னவங்க தொடைக்கறி வாங்க வந்தவங்க. அதனால தைரியமா நின்னேன்.

அப்பத்தான் தவசிலிங்கம் வந்து கடைசி ஆளா நின்னாரு. ரிட்டையரான பஸ் கண்டக்டர். வாய் மட்டும் இன்னும் டூட்டியிலதான் இருக்கு. அவரு பெஞ்சாதி செவந்தி மதினிக்கு மட்டும்தான் அது அடங்கும்.

"என்ன வெயிலுமுத்து, போன் என்ன பண்ணுச்சு உன்னை?"

"லோன் வேணுமா, லோன் வேணுமான்னு ஒரு ரெக்கார்டு பொம்பளை உசுரை வாங்குதுண்ணே."

"அட, அந்தப் புள்ளையா! எனக்கும் அடிச்சுச்சு. நான் போனை வைக்கல. லோன் கெடக்கட்டும் தாயி, முதல்ல என் கதையைக் கேளுன்னேன். கேஸ் விலை, கரண்டு பில்லு, பேரனோட எல்கேஜி ஃபீஸு எல்லாம் சொன்னேன். ஃபீஸைச் சொன்னதும் அங்கிட்டு விசும்புற சத்தம் கேக்குது."

"ரெக்கார்டு எப்படிண்ணே அழுகும்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'எல்லாரும் பாதியில கட் பண்ணிடுறாங்க, அழுகுற இடம் வரைக்கும் யாருமே விட்டதில்லைண்ணே'ன்னுச்சு. இப்ப தினம் சாயங்காலம் அதுவே கூப்பிட்டு, சாப்பிட்டீங்களான்னு விசாரிக்குது!"

வெயிலுமுத்து சிரிச்சுக்கிட்டே முழுசாத் திரும்பி நின்னாரு. தவசிலிங்கம் அவரு தோள்ல கையைப் போட்டபடியே முன்னாடி வந்துட்டாரு. அதை யாரும் பெருசா எடுத்துக்கல.

அடுத்து நின்னது பலசரக்குக் கடை சொர்ணவேல். "போன்ல தட்டுனா பத்து நிமிஷத்துல சாமான் வீட்டுக்கே வந்துருது. எங்க கடைக்கு எவன் வருவான்?"

"பத்து நிமிஷமா? நான் சனிக்கிழமை ஆர்டர் போட்ட உளுந்து வெள்ளிக்கிழமையே வந்துருச்சுய்யா!"

"போடுறதுக்கு முன்னாடியா? அடிச்சு விடாதீங்கண்ணே."

"கேளுய்யா. 'நாளைக்கு நீங்க போடுவீங்க சார், எங்களுக்குத் தெரியும்'ங்கிறான் டெலிவரிப் பையன். எனக்கு ரோஷம் வந்துருச்சு. போடவே மாட்டேன், என்னடா பண்ணுவேன்னேன். பய வெலவெலத்துப் போயிட்டான். 'போட்டுருங்க சார், இல்லைன்னா இன்னைக்கு நான் வந்ததே இல்லைன்னு ஆயிரும், பெட்ரோல் காசு தர மாட்டாங்க'ன்னு காலைப் புடிச்சுட்டான். பாவம்னு போட்டுவிட்டேன்."

சொர்ணவேலும் வயித்தைப் புடிச்சுக்கிட்டுத் திரும்பினாரு. இப்ப தவசிலிங்கம் எனக்குப் பின்னாடியே நிக்கிறாரு. நான் சும்மா இருந்திருக்கணும். வாய் சும்மா இருக்குதா? "ரோட்டைத்தான் ஒண்ணும் பண்ண முடியலையேண்ணே"ன்னுட்டேன்.

"வண்டிப்பேட்டைத் தெருவைச் சொல்றியா? அங்க போன்ல வழி சொல்ற பொம்பளையே தொலைஞ்சு போயிருச்சுய்யா. இடது பக்கம் திரும்புன்னா பள்ளம், வலது பக்கம் திரும்புன்னா குழாய். அப்புறம் மெதுவா, 'அண்ணே, நாம எங்க இருக்கோம்?'ங்குது. பயப்படாதம்மான்னு நான்தான் அதுக்கு வழி சொல்லி மெயின் ரோட்டுல கொண்டாந்து விட்டேன். அந்தப் பள்ளம் லேசுப்பட்டதா? அந்தப் பக்கம் அமெரிக்கா! போன மாசம் ஒரு வெள்ளைக்காரன் உள்ள இருந்து தலையை நீட்டி, டீக்கடை எங்கன்னு கேட்டான்."

சிரிச்சுச் சிரிச்சு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. துடைச்சுட்டுப் பாத்தா, தவசிலிங்கம் முதுகு எனக்கு முன்னாடி நிக்குது. தொடைக்கறிக்காரங்க வாங்கிட்டுப் போயாச்சு.

"பாய், அரைக்கிலோ போடுங்க. சுவரொட்டியும் சேர்த்து."

"அண்ணே, இது நியாயமா? நான்தான் முன்னாடி நின்னேன். புள்ளத்தாச்சிப் பொண்ணுக்கு வாங்க வந்திருக்கேன்."

"நான் விடியுறதுக்கு முன்னாடியே வந்து இந்த இடத்துல துண்டு போட்டு வச்சேனேய்யா."

"துண்டு எங்க?"

"இந்தா தொங்குதுல்ல, இந்த ஆடுதான் தின்னுருச்சு. பாய், வேணும்னா குடலைக் கிழிச்சுக் காட்டுங்க!"

வரிசையே கெக்கெக்கேன்னு சிரிக்குது. பாய் சுவரொட்டியை அறுத்துக் கையில எடுத்துட்டாரு. என்ன தோணுச்சோ, தவசிலிங்கத்துக்குப் பின்பக்கம் தெருவைப் பாத்து ஒரு கும்பிடு போட்டேன்.

"வாங்க மதினி! எவ்வளவு நேரமா நிக்கிறீங்க? எல்லாத்தையும் கேட்டுட்டீங்களா?"

தவசிலிங்கம் பையைப் போட்டுட்டு வரிசையை விட்டுத் தெரு முனை வரைக்கும் ஓடுனாரு. "ஏய் செவந்தி, சும்மா சொன்னேன்டி! அது வெறும் ரெக்கார்டுடி!"

நான் முன்னாடி போய்க் கையை நீட்டினேன். பாய் சுவரொட்டியை இலையில சுருட்டி என் பையில போட்டாரு.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தாரு மனுசன். "யோவ், அங்க யாருமே இல்லையேய்யா!"

"நீங்க அளந்த கதையில மட்டும் யாருண்ணே இருந்தா?"