இமயமலையில் இறங்கிப்போன ரிக்

திருச்செங்கோட்டுத் தங்காயி அக்கா பழனிக்குப் பாதயாத்திரை போய், மகள் வீட்டிலும் தங்கிவிட்டு, பதினைந்து நாள் கழித்துத் தன் ஷெட்டுக்குள் நுழைந்தார். டிரெய்லர் வண்டி நின்றது. அதன் மேல் இருக்கவேண்டிய ரிக்கைக் காணோம்.

போர்வெல் போட அவரிடம் இருப்பது அந்த ஒரே ரிக் வண்டி. இமயமலைப் பக்கம் போன இடத்தில் இன்ஜின் படுத்து, பனியில் கிடந்தது. அதை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தால் இனி டிரெய்லர் சாவி நிரந்தரமாக உன் கையில்தான் என்று டிரைவர் செங்கோடனிடம் சொல்லி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரமும் காட்டிவிட்டுத்தான் அவர் யாத்திரைக்கே கிளம்பினார்.

செங்கோடன் கட்டிலில் மப்ளரோடு உட்கார்ந்திருந்தான். ரிக் எங்கே என்று கேட்டார்.

"குளிருங்கக்கா" என்று ஆரம்பித்தான்.

ஆக்ரா தாண்டியதுமே டீசல் உறைந்துவிட்டதாம். டேங்கைத் திறந்து, வெல்லம் மாதிரி அரிவாளால் வெட்டி, கட்டி கட்டியாக இன்ஜினுக்கு ஊட்டினானாம். ஷெட்டின் இரும்புக் கேட்டைப் பற்றவைக்க அன்றைக்குத்தான் வந்திருந்த வெல்டர் மாரப்பன், வண்டிக்குப் பல் கூசவில்லையா என்று கேட்டார். கூசாமல் என்ன, மேடு முழுக்க கியரை நறநறவென்று கடித்துக்கொண்டேதான் ஏறியது என்றான் செங்கோடன்.

மலையில் இரண்டு பனைமர உயரத்துக்குப் பனியாம். ரிக்கை ஏற்றிக்கொண்டு இறங்கினால் பிரேக்கும் உறைந்துபோச்சாம். "என் வண்டிக்குப் பின்னால மாட்டுன டிரெய்லரே ஹார்ன் அடிச்சு என்கிட்டச் சைடு கேக்குதுங்கக்கா. குடுத்தேன். அப்புறம் மூணு நாளு அதுதான் என்னைய இழுத்துட்டு வந்துச்சு."

இண்டிகேட்டர் போட்டதா என்றார் மாரப்பன். மரியாதை தெரிந்த வண்டி, கையே காட்டியது என்றான்.

மாரப்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செங்கோடனுக்கு அது உற்சாகமாகப் போய்விட்டது. வழியில் பனி சரிந்து ரோட்டை மூடிக்கொண்டதாம். குளிர் பொறுக்காத ரிக், தானே இறங்கிச் சூடு தேடித் துளை போட்டதாம். முந்நூறு அடியில் வெந்நீர் வந்தது, எண்ணெய் தேய்த்துக் குளித்தானாம். ஆயிரம் அடியில் சோறு வெந்ததாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரிக் முழுசாகக் குழிக்குள் இறங்கிவிட்டதாம்.

"நேரா நம்மூருக்குத்தான் வருது. செவ்வாக்கெழமை இந்த ஷெட்டுக்குள்ளயே மொளைச்சுரும். நாமதான் எடத்தக் காலி பண்ணி வெக்கோணும்."

மாரப்பன் இரண்டு காலையும் தூக்கி ஸ்டூல்மேல் வைத்துக்கொண்டார்.

அக்கா டிரெய்லரைச் சுற்றி நடந்தார். முன்சக்கரத்தடியில் குனிந்தார். அவர் கையால் வைத்த எலுமிச்சம்பழம், குங்குமம்கூடக் கலையாமல் வற்றிப்போய்க் கிடந்தது. வண்டி ஒரு சாண் நகர்ந்திருந்தால் நசுங்கியிருக்கும். பழத்தை எடுத்து நீட்டினார்.

செங்கோடன் அதை விரலால் தட்டிப் பார்த்தான். "அது குளிர்ல கல்லாயிருச்சுங்கக்கா. ஏத்தி ஏத்திப் பாத்தேன், நசுங்கல. இமயமலை வரைக்கும் கூடவே உருண்டு வந்துட்டு, திரும்பி வந்து அதே எடத்துல படுத்துக்கிச்சு."

அக்கா பழத்தை மறுபடி சக்கரத்தடியில் வைத்தார். கட்டிலில் கிடந்த சாவியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் மப்ளரை உருவித் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

"இந்த வெயிலுக்கு இளகியிருக்கும். ஏறு, நசுக்கு. அந்தக் குழிய நானும் பாக்கோணும்" என்று சொல்லிவிட்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.