முள் பன்னிரண்டில் நிற்கணும்

கொக்கூரணி புழுதிப்புயல் மோட்டார் கழகத்தில் மொத்தம் நாலு பேர், ஒரு டர்ட் பைக். ஆளுக்கொரு பதவி இருந்ததால் வெறும் உறுப்பினர் என்று ஒருவரும் கிடையாது. அங்குச்சாமி தலைவர். சாத்தையா செயலாளர். மலைராசு பொருளாளர், கழகத்துக்கு இருந்த ஒரே பொருள் ஒரு சுவர்க்கடிகாரம், அதை அவர் கண்ணுக்குள் வைத்துக் காத்தார். வண்டி ஓட்டுகிற வேலை மட்டும் மிச்சமிருந்தது. அதை வழிவிட்டான் தலையில் கட்டினார்கள். பெற்றவர்கள் வழிவிட்ட அய்யனார் பேரைத்தான் வைத்தார்கள். பந்தயத்தில் அவன் பேருக்கு ஏற்றபடி எல்லாருக்கும் வழிவிட்டுக்கொண்டிருந்தான்.

இப்போது அவனுடைய கவலையெல்லாம் மீசை. நரிப்பொட்டல் அணித் தலைவன் பூவலிங்கம் சந்தையில் நாலு பேர் முன்னால் சவால் விட்டிருந்தான்.

"கண்மாயை ஒரு சுத்து சுத்தி வரணும் மாப்ளே. போன வருசம் மாதிரி, 'எங்க கடிகாரத்துல இன்னும் நேரம் ஆகலை'ன்னு வாய்தா பேசக் கூடாது. இந்தத் தடவை உங்க கடிகாரத்தையே வச்சுக்கங்க. அதுல ஒரு மணி ஆகறதுக்குள்ள வந்துட்டா மீசை உனக்கு. வரலேன்னா நானே சிரைப்பேன்."

அடுத்த மாதம் வழிவிட்டானுக்குக் கல்யாணம். பெண் பார்க்கப் போன அன்று பொன்னழகு அவனைப் பார்க்கவில்லை, மீசையைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு, "சரி" என்றாள். மீசை போனால் அந்தச் "சரி"யும் கூடவே போய்விடும். கண்மாய்க்குள்ளோ தண்ணீரைத் தவிர எல்லாம் இருந்தது: மணல், சரளைக்கல், கருவேல முள். போன வருடம் மடையைத் தாண்டுவதற்குள்ளேயே டயர் படுத்துவிட்டது.

அவசரக் கூட்டம் கூடியது. டவுன் மெக்கானிக் அமீர் பாய்க்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். வாயில் பரோட்டாவோடு அவர் சொன்னார்: "மண்ணுல ஓட்டணும்னா பிரஷர் கம்மியா இருக்கணும். அப்பத்தான் பிடிப்பு. முள்ளு பன்னெண்டுல நிக்கணும், நகரக் கூடாது. ஏறுனா வழுக்கும், இறங்குனா ட்யூப் கடிபட்டு பஞ்சராயிடும். வைக்கிறேன்."

கூட்டம் யோசித்தது.

"நம்மள்ல பிரஷர் யாருக்கு இருக்கு?" என்றார் சாத்தையா.

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். அங்குச்சாமி கலங்கிவிட்டார்.

"அப்ப போன வருசம் பஞ்சர் ஆனது என்னாலயா?"

"அன்னைக்குக் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டீங்களே தலைவரே" என்றார் மலைராசு, மனசு புண்படாதபடி.

வழிவிட்டான் மெல்ல, "அண்ணே, பாய் சொன்னது டயர்ல இருக்கிற காத்து…" என்று ஆரம்பித்தான்.

"சும்மா இருடா. காத்து கருப்புன்னு பேசித் தலைவரைப் பயமுறுத்தாத. பிரஷர் ஏறிடும்" என்று அதட்டினார் சாத்தையா.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பந்தயம் முடிகிறவரை தலைவருக்கு உப்பில்லாத கஞ்சி. கெட்ட செய்தி எதையும் அவர் காதில் போடக் கூடாது.

அடுத்து, முள்.

"சின்ன முள்ளா, பெரிய முள்ளா?"

"பன்னெண்டுன்னா ரெண்டும் சேந்துதானய்யா நிக்கும்."

"செகண்டு முள்ளு ஓடிக்கிட்டே இருக்குமே?"

"அதான் நகரக் கூடாதுன்னு பாய் சொல்லிட்டாரே. ட்யூபைக் கடிக்கிறதே அதுதான். பாரு, எவ்வளவு கூரா இருக்கு."

மலைராசு கண் கலங்க பேட்டரியைக் கழற்றினார். மூன்று முள்ளையும் பன்னிரண்டில் நிறுத்தி, கடிகாரத்தைச் சணல் கயிற்றால் ஹேண்டில்பாரில் கட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கொடி அசைந்தது. வழிவிட்டான் பறந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தனை முந்தினான். மடையைத் தாண்டினான். தாண்டியதும் "புஸ்ஸ்" என்று ஒரு சத்தம். பின்சக்கரம் தோசை மாவு மாதிரி பரவியது. கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு. அப்பாடா, பஞ்சர் இல்லை! ஆனால் வண்டி மட்டும் ஏனோ நகரவில்லை.

செயலாளரும் பொருளாளரும் ஓடி வந்தார்கள். சாத்தையா குனிந்து பார்த்தார்.

"டயர்ல ஒரு முள்ளு நிக்குதே! பன்னெண்டுல நிக்க வேண்டியது இங்க எதுக்கு வந்துச்சு?"

மலைராசு கடிகாரத்தைப் பார்த்தார். "நம்ம முள்ளு மூணும் அங்கதான் இருக்கு. இது வெளியூர் முள்ளு. நம்ம கணக்குல வராது."

கரைமேல் குடை நிழலில் இருந்து தலைவர் குரல் கொடுத்தார். "டயர் எப்படிப்பா இருக்கு?"

"நிம்மதியா படுத்திருக்கு தலைவரே!"

"பிடிப்பு?"

"மண்ணை விடவே மாட்டேங்குது தலைவரே!"

அங்குச்சாமி பூரித்துப்போனார். அவர் பிரஷர் அவ்வளவு இறங்கி ஒருவரும் பார்த்ததில்லை.

மூன்று பேரும் தள்ளினார்கள், இழுத்தார்கள், கடைசியில் தூக்கிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். பொழுது சாய்ந்திருந்தது. பூவலிங்கம் சவரக் கத்தியும் சோப்பு நுரையுமாகக் காத்திருந்தான். "வாங்க மாப்ளே, உக்காருங்க" என்று மீசை முழுக்க நுரையை அப்பினான். வழிவிட்டான் கண்ணை மூடிக்கொண்டு பொன்னழகை நினைத்தான். கத்தி பக்கத்தில் வந்தது.

"நிறுத்துய்யா!" என்றார் சாத்தையா. "மணியைப் பாரு. பன்னெண்டுதான் ஆகுது."

"யோவ், இருட்டப் போகுது!"

"இருட்டைப் பத்தி நீ பேசல. கடிகாரத்தைப் பத்தித்தான் பேசின."

"இது ஓடவே இல்லையே! பேட்டரியைப் போடுங்க."

"போட்டா பஞ்சராயிடும்" என்று மலைராசு அலறினார். "மெதுவாப் பேசு, தலைவர் காதுல விழுந்தா வண்டி வழுக்கிடும்."

பூவலிங்கம் கத்தியை இறக்கினான். அவன் வண்டியும் வழியில் பஞ்சராகித்தான் வந்திருந்தது. "பன்னெண்டுலயா நிக்கணும்?" என்று ரகசியமாகக் கேட்டான். தன் கைக்கடிகாரத்தின் திருகை இழுத்து, முள்ளைப் பன்னிரண்டில் நிறுத்திக்கொண்டான். ஆனால் சொன்ன சொல் மாறாதவன். "ஒரு மணி ஆகட்டும், சிரைக்கிறேன். அதுவரைக்கும் நுரையைத் துடைக்கக் கூடாது. நானும் இவனை விட்டு நகர மாட்டேன்."

அடுத்த மாதம் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மணவறையில் பொன்னழகு நுரையைப் பார்த்து, "உள்ள மீசை இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டாள். "இருக்கு" என்றான். தாலிக்குக் கழுத்தை நீட்டினாள்.

கல்யாணப் போட்டோவைப் பார்க்கிறவர்கள் எல்லாரும், மாப்பிள்ளைக்குப் பின்னால் கத்தியோடு நிற்கிற ஆள் யார் என்று கேட்கிறார்கள்.

"அவரா? மணி பாக்க வந்தவரு" என்பான் வழிவிட்டான், நுரையை ஊதிக்கொண்டே.