நூற்றெட்டு ஓட்டை

குளக்கரை இலுப்பை மரத்தின் அடிப்பொந்தில் ஒரு நூலகம் இருந்தது. காட்டிலாகா பங்களாவில் யாரும் தொடாமல் கிடந்த புத்தகங்களைக் குரங்குகள் தூக்கி வந்து அங்கே அடுக்கியிருந்தன. நூலகர் ஆந்தை. பகலெல்லாம் தூங்குவதால் அந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமானவர் கிடைக்கவில்லை.

சித்திரை பிறந்ததும் ஆந்தை அறிவித்தது.

"கோடை வாசிப்புப் போட்டி! ஒரு புத்தகம் முடித்தால் இந்த மரத்தில் ஓர் ஓட்டை. ஆனி முடியும்போது யாருக்கு ஓட்டை அதிகமோ, அவருக்கு உச்சிப் பொந்து பரிசு!"

உச்சிப் பொந்துக்குள் மழை நுழையாது. மரங்கொத்தியின் வீடோ போன மழையில் ஒழுகி, இரண்டு முட்டைகள் கெட்டுப்போயின. அடுத்த முட்டைகளுக்கு இன்னும் இரண்டு மாதம்தான்.

"இந்த மழைக்காவது நனையாத வீடு வேணுங்க!" என்றது அதன் மனைவி.

"கவலையை விடு! ஓட்டை போட எனக்கா சொல்லித் தரணும்?"

படிப்பதைப் பற்றி அது பேசவே இல்லை. மனைவியும் கேட்கவில்லை.

முதல் புத்தகத்தை மரங்கொத்தி நிஜமாகவே திறந்தது. இரண்டு பக்கம் படித்தது. கொட்டாவி வந்தது. ஓட்டை போட்டது. இரண்டாவது புத்தகத்துக்கு அட்டையே போதுமாயிருந்தது. மூன்றாவதற்கு அதுவும் தேவைப்படவில்லை. எண்ண வசதியாக இருக்கட்டும் என்று, ஓட்டைகளை ஒரே உயரத்தில் மரத்தைச் சுற்றி ஒட்டியாணம் போல வரிசையாகப் போட்டது.

"நேத்து முப்பது, இன்னைக்கு நாப்பதா! என்ன படிப்பு, என்ன படிப்பு!" என்று அணில்கள் வாய் பிளந்தன.

காட்டெருமை அக்கா ஒரே ஒரு புத்தகத்தைத்தான் எடுத்தாள். ஒரு பக்கம் படிப்பாள். அதை அசைபோட்டுக்கொண்டே குளத்தில் கிடப்பாள். மறுநாள் அடுத்த பக்கம்.

வைகாசியில் மரங்கொத்தியிடம் வந்து கேட்டாள். "தம்பி, எனக்கு அரை ஓட்டை போடு. பாதிதான் முடிச்சிருக்கேன்."

"அரை ஓட்டையெல்லாம் கணக்கிலே சேராதுக்கா!" என்றது மரங்கொத்தி. அணில்கள் விழுந்து விழுந்து சிரித்தன.

ஆனியில் மறுபடி வந்தாள். "முடிச்சிட்டேன் தம்பி. ஆனா ஓட்டை வேண்டாம். இது மரங்களைப் பத்தின புத்தகம். சுத்திவர ஒரே வரிசையா ஓட்டை போட்டா, மரம் அந்த இடத்திலே காத்துக்கு ஒடிஞ்சிடுமாம். நீயும் நிறுத்திடு."

"எனக்கே மரத்தைப் பத்திப் பாடமா? அதைச் சித்திரையிலேயே படிச்சாச்சு! பாருங்க, பதினேழாவது ஓட்டை!"

"சித்திரையிலேருந்து புத்தகம் என்கிட்டதானே இருக்கு?"

கிளையில் இருந்த மனைவி திரும்பிப் பார்த்தது. மரங்கொத்திக்கு அவசர வேலை வந்துவிட்டது. அடுத்த ஓட்டையைப் போடப் பறந்தது.

பரிசு நாளில் ஆந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து எண்ணியது. நூற்றெட்டு! எந்தப் புத்தகத்தில் என்ன இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "காட்டின் மாபெரும் படிப்பாளி!" என்று கத்திவிட்டு மறுபடி தூங்கிப்போனது.

மரங்கொத்தி மனைவியோடும் அப்போதுதான் பொரித்திருந்த மூன்று குஞ்சுகளோடும் உச்சிப் பொந்தில் குடியேறியது. மூன்றாம் நாள் ஆடிக் காற்று வந்தது. அம்மியே பறக்கும் காற்றில் ஓட்டை மரம் எம்மாத்திரம்?

மடார்!

ஒட்டியாணம் போட்ட இடத்தில் மரம் முறிந்தது. ஆந்தை முதன்முறையாக நட்டநடுப் பகலில் விழித்தது. உச்சிப் பொந்து குளத்தில் விழுந்தது. சிறகு முளைக்காத மூன்று குஞ்சுகளும் தண்ணீரில் தத்தளித்தன.

காற்று தொடங்கியதிலிருந்தே மரத்தைப் பார்த்தபடி குளத்தில் நின்றிருந்த காட்டெருமை பாய்ந்து வந்து முதுகைக் கொடுத்தாள். குஞ்சுகள் நடுங்கிக்கொண்டே ஏறின. மூன்றும் பிழைத்தன.

"நல்லவேளை!" என்று மூச்சு விட்டது மரங்கொத்தி.

மனைவி குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் துவட்டியது. பிறகு கேட்டது.

"அந்தப் பதினேழாவது புத்தகத்திலே என்னங்க போட்டிருந்துச்சு?"

மரங்கொத்தியின் அலகு அன்றுதான் சும்மா இருந்தது.

படிக்காமலே கணக்குக் காட்டுகிறவன் கடைசியில் தன் கூட்டைத்தான் கொத்திக் கெடுத்துக்கொள்வான்.