கம்பத்தைப் பார்க்கும் கரடி

கிரான்வால்ட் என்றொரு ஜெர்மன் ஊர். ஊர்க்கொடியில் கரடிச் சின்னம். அதைத் தைத்த ஹெட்விக்கிடமே மேயர் நான்காவது தடவையாகக் கொடியைத் திருப்பி அனுப்பிவிட்டு, பின்னாலேயே தானும் வந்தார்.

"காற்று மாறினால் உன் கரடி எனக்கு முதுகைக் காட்டுகிறது. எப்போதும் என்னையே பார்க்க வேண்டும். இல்லையென்றால் உன் வேலை வேறொருத்திக்கு."

பிரித்துப் பிரித்துத் தைத்து அவள் விரலெல்லாம் புண். அலுப்போடு ஊசியைக் கீழே வைத்தாள்.

"ஐயா, எந்த ஊர்க் கொடியிலும் மிருகம் கம்பத்தைப் பார்த்துத்தான் நிற்கும். இரண்டு பக்கமும் அப்படித்தான் தைப்போம். உங்களையே பார்க்கணும் என்றால் கம்பத்தை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்."

மேயருக்கு அது நியாயமாகப் பட்டது. அடுத்து வந்த ஊர்த் திருவிழா முழுக்கக் கொடிக்கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றார்.

வெளியூர்ப் பிரபு ஒருவர் வந்து இறங்கி, குதிரையின் கடிவாளத்தையும் அவர் கையில் திணித்தார்.

"இதையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளப்பா. மேயரைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்."