ரத்தத்தில் ஏறிய எண்

நல்லசிவன் தென்காசிப் பக்கம் பல வருடம் பொது மருத்துவம் பார்த்தவர். நடுவயதில், இதய நோயை முறையாகப் படிக்க வேண்டும் என்று கிளம்பி மருத்துவர் கதீஜாவிடம் வந்து சேர்ந்தார். கதீஜா அவரைவிட இளையவர். ஆனாலும் வார்டில் அவர் முன்னால் போக, நல்லசிவன் ஓரடி பின்னால்தான் நடப்பார்.

அன்று காலை வடிவு என்ற பெண்ணின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பிரசவம் முடிந்த கையோடு இதயம் தளர்ந்துபோய் வந்தவள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தபடியே கண் அசந்தாள்.

இதயம் சுமை தாங்காமல் விரியும்போது ரத்தத்தில் பெப்டைடு என்ற ஒரு சிறு புரதத் துணுக்கைச் சுரக்கும். நோய் முற்ற முற்ற அதன் அளவு ஏறும். வடிவுக்கு அது ஏறியிருந்த உயரத்தை நல்லசிவன் அதுவரை பார்த்ததில்லை. அவர் யாருக்கும் பொய் நம்பிக்கை கொடுப்பவர் அல்ல. கணவன் சுடலையைக் கூப்பிட்டு, இனி பிழைப்பது கடினம் என்று உள்ளதைச் சொன்னார்.

சுடலை, "வீட்டுக்குக் கொண்டுபோறோம் சார். புள்ள பக்கத்துல கண்ண மூடட்டும்" என்றான்.

நல்லசிவன் தடுக்கவில்லை.

ஸ்ட்ரெச்சர் வாசலுக்கு வந்தபோது கதீஜா எதிரே வந்தார். விஷயத்தைக் கேட்டார். பிறகு ஆம்புலன்ஸ் கதவுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டார்.

"வழி விடுங்கம்மா" என்றான் சுடலை.

"அவகிட்ட கேட்டீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. கதீஜா குனிந்தார். "வடிவு, நீ போறியா?"

வடிவுக்குப் பேச மூச்சு போதவில்லை. ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நான்... போகல" என்றாள்.

"நம்பர் ரொம்ப ஏறிட்டுன்னு டாக்டர்தான சொன்னாவ. பொழச்சிருவாளாம்மா?" என்று கேட்டான் சுடலை.

"தெரியாது. ஆனா அவ போகலன்னு சொல்லிட்டா. புள்ளையப் பாக்கணும்னா இங்க தூக்கிட்டு வாங்க."

ஸ்ட்ரெச்சர் திரும்பியது. நல்லசிவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் அவர்தான் அந்தக் கட்டிலை விட்டு நகராமல் இருந்தார். மருந்தைக் கூட்டினார், ரத்த அழுத்தம் இறங்கினால் குறைத்தார், வெளியேறும் நீரை அளந்தார். ஒரு முறை நாடி நழுவியபோது, தான் சொன்னதே சரியாகிவிடுமோ என்று பயந்தார். தான் சொன்னது தப்பாக வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது அதுவே முதல் தடவை.

வீக்கம் மெல்ல வடிந்தது. ஒரு விடியலில் அவர் போய்ப் பார்த்தபோது, வடிவு தலையணையில் தலை வைத்து, மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பிள்ளை கிடந்தது.

அன்று அவர் கதீஜாவின் அறைக்குப் போனார்.

"மேடம், அந்த எண் பொய்யா?"

"இல்ல. நோய் அவ்வளவு கடுமைதான். இன்னமும் முழுசா விடல."

"அப்புறம் எந்த தைரியத்துல குறுக்க நின்னீங்க?"

கதீஜா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அந்தப் பெப்டைடை ரத்தத்துல விடுறது யாரு?"

"இதயம்தான்."

"எதுக்கு?"

"பாரம் தாங்கல, உப்பையும் தண்ணியையும் வெளியேத்துன்னு சிறுநீரகத்துக்குச் சொல்றதுக்கு."

"தோத்துப்போனவன் உதவிக்கு ஆள் அனுப்புவானா? அந்த இதயம் விடாம அனுப்பிக்கிட்டே இருந்திருக்கு. வந்த ஆளையெல்லாம் எண்ணிப் பாத்தீங்க டாக்டர். என்ன சொல்லி அனுப்புச்சுன்னு கேக்கலையே."