பக்கம் மாறும் பாலம்

அவசரப்பட்டு விடை சொல்லிவிடாதீர்கள். முதலில் கதையை முழுக்கக் கேளுங்கள். ஓர் ஆறு, அதன்மேல் ஒரு பாலம். பாலத்துக்கு இந்தக் கரை செங்காட்டு நாடு, அந்தக் கரை நீர்ப்புற நாடு. செங்காட்டில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போகும். நீர்ப்புறத்தில் வலப்பக்கம் போகும். பாலத்தின் நடுவில் எல்லா வண்டியும் பக்கம் மாறியாக வேண்டும். பழகின கை மறந்து தொலைக்குமே! அதற்காகச் செங்காட்டு டிரைவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பாலத்தில் ஏறும்போதே ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார்கள். ஊர் திரும்பிய பிறகுதான் அவிழ்ப்பார்கள்.

செங்காட்டுக்காரரான பிச்சாண்டி ஒரு செவ்வாய்க்கிழமை மொபெட்டில் நீர்ப்புறத்துச் சந்தைக்குப் போனார். அதே சந்தைக்கு அதே ஊர்த் தவசியும் மினிலாரியில் போனான். துணியைக் கட்டிக்கொண்டுதான் போனான். சந்தைக்கு வெளியே டீ குடிக்க நிறுத்தியவன், வியர்வையைத் துடைக்க அந்தத் துணியை அவிழ்த்தான். துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே வண்டியை எடுத்தான். கை அதன்பாட்டுக்கு இடப்பக்கம் ஒடித்தது. எதிரே தன் வழியில் ஒழுங்காக வந்துகொண்டிருந்த பிச்சாண்டிக்கு, லாரி மோதி அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

பிச்சாண்டிக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. தங்கை உலகம்மை மட்டும்தான். முடக்குவாதத்தில் பத்து விரலும் மடங்கிப்போனவள். அவளுடைய சோறும் மருந்தும் அண்ணன் சம்பாத்தியம்தான். நஷ்டஈடு கிடைத்தால் துணைக்கு ஓர் ஆளை வைத்துக்கொண்டு சொந்த வீட்டிலேயே காலம் தள்ளலாம். கிடைக்காவிட்டால் ஆதரவற்றோர் விடுதிதான். அங்கே இடம் ஒதுக்கிய சீட்டு அவள் பைக்குள் இருந்தது.

மினிலாரிக்கு இன்சூரன்ஸ் எடுத்தது செங்காட்டில். வழக்கும் செங்காட்டில்தான் நடந்தது. தீர்ப்பு நாளன்று உலகம்மைக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெஞ்சில் உட்காருவாள், எழுந்திருப்பாள், வாசல்வரை போய்த் திரும்புவாள். இருக்காதா பின்னே? இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் வைத்தியலிங்கம் பேசியிருந்த பேச்சு அப்படி.

விபத்து நடந்தது நீர்ப்புறத்தில், ஆகவே அந்த ஊர்ச் சட்டம்தான் செல்லும் என்று அவர் ஆரம்பித்தார். அதன்படி இறந்தவரின் மனைவி மக்களுக்குத்தான் நஷ்டஈடு. தங்கைக்கு ஒன்றும் கிடையாது. சரி, செங்காட்டுச் சட்டத்தையே வைத்துக்கொள்வோம் என்று அடுத்த அடி வைத்தார். அதன்படி இறந்தவர் சம்பாத்தியத்தில் வாழ்ந்த யாரும் நஷ்டஈடு கேட்கலாம், வாஸ்தவம். ஆனால் அதே சட்டம் இடப்பக்கம்தான் போக வேண்டும் என்கிறதே! தவசி இடப்பக்கம்தான் போனான். தப்பு, வலப்பக்கம் வந்த பிச்சாண்டியுடையது. அடேயப்பா, என்ன சாமர்த்தியம்! எந்தப் பக்கம் திரும்பினாலும் உலகம்மைக்குக் கதவை அடைத்துவிட்டார்.

விசாரணையின்போது தவசி கூண்டில் ஏறி, துணி கட்டியதையும் அவிழ்த்ததையும் மறைக்காமல் சொல்லியிருந்தான். அவன்மேல் உலகம்மைக்குக் கோபம் பொங்கியது. அவன் ஒரு பொய்கூடச் சொல்லாததால் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவதென்று தெரியவில்லை.

நீதிபதிகள் மூன்று பேர். விபத்து எங்கே நடந்ததோ அந்த ஊர்ச் சட்டம்தான் முழுக்கச் செல்லும் என்றார் முதலாமவர். எல்லாரும் நம் ஊர்க்காரர்கள், ஆகவே நம் சட்டம்தான் முழுக்கச் செல்லும் என்றார் இரண்டாமவர். மூன்றாமவரான மங்கையர்க்கரசி மட்டும், யார் தப்பு என்பதை நீர்ப்புறச் சட்டத்தால் பார்ப்போம், யாருக்கு நஷ்டஈடு என்பதைச் செங்காட்டுச் சட்டத்தால் பார்ப்போம் என்றார்.

வைத்தியலிங்கம் துள்ளி எழுந்தார். "அங்கே பாதி, இங்கே பாதி வெட்டி ஒட்ட இது என்ன தையல் கடையா அம்மா?"

அதற்குமேல் உலகம்மையால் உட்கார முடியவில்லை. "எனக்குச் சட்டம் தெரியாதுங்க. அந்த ஊர்ல அந்த ஊர் வழியிலதானே எங்கண்ணன் வந்தாரு? அது குத்தம்னா அவரு வேற எந்தப் பக்கம்தாங்க வந்திருக்கணும்?"

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மூன்று நீதிபதிகளில் யார் சொன்னது சரி?

விடை: மங்கையர்க்கரசி சொன்னதே சரி. வழக்கு ஒன்றுதான், அதற்குள் இருந்த கேள்விகள் இரண்டு. பாலத்தில் துணி கட்டியபோதே, இனி அந்த ஊர்ச் சாலை விதிக்குக் கட்டுப்பட்டவன் என்று தவசி ஒப்புக்கொண்டுவிட்டான். துணியை அவிழ்த்ததால் விதி அவிழ்ந்துவிடாது, தப்பு அவனுடையதுதான். ஆனால் இடித்தவன், இறந்தவர், தங்கை, இன்சூரன்ஸ் எல்லாமே செங்காடு. அரைநாள் சந்தைக்குப் போனதால் பிச்சாண்டியின் குடும்பம் நீர்ப்புறத்துக் குடும்பமாகிவிடுமா? அவரை நம்பி யார் இருந்தார்கள் என்பதை அவர்கள் வாழ்ந்த ஊரின் சட்டம்தான் பார்க்க வேண்டும். உலகம்மை கேட்டது நியாயம்தான் என்று இரண்டாம் நீதிபதியும் இந்தப் பக்கம் மாறினார். தீர்ப்பு வந்ததும் உலகம்மை விடுதிச் சீட்டை வெளியே எடுத்தாள். மடங்கிய விரல்களுக்கு அதைக் கிழிக்க வரவில்லை. பக்கத்தில் தலைகுனிந்து நின்ற தவசியிடம் நீட்டினாள். அவன் கிழித்துக் கொடுத்தான்.